ரிவர்ஸ் போட்டா நிக்கிறவ

எங்க காருக்குப் பின்னாடி ஒரு பொம்பள வந்து நின்னது, அந்தக் காருல கம்பெனிக்காரன் வச்சுக் குடுத்த பழைய செட்டைக் கழட்டிட்டு டச் ஸ்கிரீன் செட்டு போட்ட அன்னைக்கு, ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை, பகல் பதினொண்ணரை மணிக்கு. போடச் சொன்னது யாரு? நான்தான். வேற ஒருத்தரையும் குத்தஞ்சொல்ல எனக்கு வழியில்ல. நெடுங்கரிசல் கார் ஸ்டாண்டுல நிக்கிற ஏழு வண்டியில ஆறுல டச் ஸ்கிரீன் இருக்கு, எங்க வண்டியில மட்டும் ஒரு ரேடியோவும், சிடி போடுற ஓட்டையும், அமுக்கினா உள்ள போயி வெளிய வராத ரெண்டு பட்டனும். பக்கத்து வீட்டு இந்திராணி இருக்காளே, அவ வீட்டுக்காரர் வண்டியில ஏறி உக்காந்து, கதவத் தொறந்து போட்டுக்கிட்டு, கலர் கலராப் படம் ஓட, பாட்டுக் கேட்டுக்கிட்டே கீரை ஆய்வா. கீரை ஆய எதுக்குடி காருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். மூணு மாசம் இவுகளை நச்சரிச்சேன். இவுகன்னா எங்க வீட்டுக்காரர், பேரு பெத்துராஜ், இருபது வருசமா வாடகைக் காரு ஓட்டுறாக.

"நல்லாத்தான பாடுது ஜெயக்கொடி"ன்னு சொல்லிப் பாத்தாக.

"பாடுனாப் போதுமா, கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"ன்னு கேட்டேன். தெரிஞ்சுச்சு.

மிக்கேல் அண்ணன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. காருக்கு செட்டு, ஹாரன், லைட்டு மாட்டுறதுல கை சுத்தமான ஆளு. மொதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டினாரு, பிளாஸ்டிக் பட்டையை டேஷ்போர்டு இடுக்குல விட்டு கிளிப்பு ஒண்ணு கூட ஒடியாம மூடியைப் பேத்தாரு, நாலு ஸ்க்ரூவைத் திருகிப் பழைய செட்டை இழுத்தாரு, அது கொத்து ஒயரோட வெளிய வந்துச்சு. புதுசுக்குப் பிரேம் வச்சு, பழைய பிளக்கு இதுக்குச் சேராததால நடுவுல ஒரு கப்ளர் போட்டு, நம்பர் பிளேட்டுக்கு மேல கேமராவை மாட்டி, ரிவர்ஸ் லைட்டுக்குப் போற ஒயர்ல இன்னொரு ஒயரை முறுக்கி, அதை மிதியடிக்கு அடியிலேயே முன்னாடி வரைக்கும் கொண்டுவந்து சேத்து, பேட்டரியத் திரும்ப மாட்டிட்டு, "இனிமே ரிவர்ஸ் கியரைத் தள்ளுனா பின்னாடி உள்ளது தானாத் தெரியும் தம்பி, கழுத்தத் திருப்ப வேண்டியதில்ல"ன்னாரு.

இவுக தள்ளுனாக. வேலிக்கருவேலம் தெரிஞ்சுச்சு, ஒரு ஆடு தெரிஞ்சுச்சு, ஆட்டுக்குப் பக்கத்துல மாம்பழக் கலர் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வச்சு, கையில காப்பித் தட்டோட ஒரு பொண்ணு தெரிஞ்சா. நான் திரும்பிப் பாத்தேன். ஆடு மட்டும்தான் நின்னுச்சு. மிக்கேல் அண்ணன் கேமராவைத் துணியால தொடச்சாரு. அந்தப் பொண்ணு முன்னைவிடப் பளிச்சுன்னு தெரிஞ்சா.

"நான் பாக்கேன் தம்பி, எறங்கு"ன்னு அண்ணன் சீட்டுல உக்காந்து கிளட்சை மிதிச்சுக் கியரைத் தள்ளினாரு. இப்பப் பட்டுச்சேலைக்காரி இல்ல, வழுக்கைத் தலையோட ஒரு பெரியவரு அக்குள்ல துண்டை இடுக்கிக்கிட்டு நின்னாரு. அண்ணன் முகம் சுண்டிப்போச்சு. கடைக்குள்ள போயி, மேல் அலமாரியில தூசிக்குள்ள கெடந்த ஒரு ரேடியோவை எடுத்து, அங்கனயே உக்காந்து சரி பண்ணி, சைக்கிள்ல வச்சு எடுத்துட்டுப் போனாரு. "ரெண்டு நாள்ல தர்றேன்னு சொல்லி நாலு வருசம் ஆச்சு. மனுசன் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு"ன்னு வந்து சொன்னாரு. திரும்ப சீட்டுல உக்காந்து கியரைப் போட்டாரு. ஆடும் வேலியும்தான்.

இப்படித்தான் விசயம் எங்க ஊருக்குப் பிடிபட்டுச்சு. வர்றேன், தர்றேன், சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டு, அப்புறம் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காம யாரை விட்டுட்டு வந்தமோ அவுக, அன்னைக்கு எப்படி நின்னாகளோ அப்படியே, எங்க காருக்குப் பின்னாடி வந்து நிப்பாக. ஏன் எங்க காருலன்னு ஒருத்தரும் கேக்கல. ஊர்ல ஒரு கெணத்துத் தண்ணி இனிப்பும் ஒரு கெணத்துத் தண்ணி உப்பும் இருக்கத்தான செய்யுது. கேட்டதெல்லாம், என்னைக்கு எந்நேரம் வந்தா நாங்க பாக்கலாம்னுதான்.

தெனமும் சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும்னு கார் ஸ்டாண்டு சங்கத்துல தீர்மானம் போட்டாக. வண்டி நகரவே வேண்டாம், டிரைவர் சீட்டுல ஏறி, கிளட்சை மிதிச்சு, கியரைத் தள்ளி, பாத்துட்டு எறங்க வேண்டியதுதான். பாத்துட்டு எறங்குனவுக பாதிப் பேரு மறுநா அதே காரை வாடகைக்குப் பேசி, அக்கா வீட்டுக்கு, கூடப் படிச்சவன் வீட்டுக்கு, ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல கெடந்தவுக வீட்டுக்குன்னு போயி, சொன்ன வாக்கை முடிச்சுட்டு வந்தாக. நாலாவது வார்டு கவுன்சிலர் மாலையும் துண்டுமா வந்து உக்காந்தாரு. ஸ்கிரீன் முழுக்கக் கொடம், பச்சைக் கொடம், ஊதாக் கொடம், கொடத்துக்குப் பின்னாடி தலை, தலைக்குப் பின்னாடி தலை, கேமராவுக்கு எட்டுற தூரம் வரைக்கும் ஆளு. "செட்டு சரியில்லப்பா"ன்னு எறங்கிப் போனவரு, அடுத்த திங்கக்கிழமை அந்த வார்டுல பைப்புக்குக் குழி தோண்ட ஆள் விட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகம் பாத்த கையோட, "மாப்பிள்ளைய ஒருதடவை ரிவர்ஸுல பாத்துருவோமே"ன்னு கேக்க ஆரம்பிச்சாக. ரெண்டு கல்யாணம் அதுல நின்னுபோச்சு, ஒண்ணு கூடிவந்துச்சு. எல்லாத்தையும் விடப் பெருசு என்னன்னா, வீட்டை விட்டுக் கெளம்புறவுக "போயிட்டு வர்றேன்"னு சொல்ற வழக்கமே எங்க ஊர்ல அத்துப்போச்சு. வர்றேன்னு சொல்லி வர முடியாமப் போயிட்டா? அதனால எல்லாரும் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போனாக.

ஊரு இப்படிக் கொண்டாடுது, எனக்கு வயிறு எரியுது. யாரு அவ?

கேட்டேன். மறைக்கல. எங்க கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பனையடிப்பட்டியில, இவுக அப்பாவோட போயி ஒரு பொண்ணு பாத்திருக்காக. பேரு சண்முகக்கனி. காப்பி குடிச்சிருக்காக, "ஊருக்குப் போயித் தகவல் சொல்லி அனுப்புறோம்"னு எந்திரிச்சிருக்காக, வாசல் வரைக்கும் அவ தட்டோட வந்து நின்னுருக்கா. அப்புறம் தகவலே சொல்லல. அவ்வளவுதானாம்.

"பதினெட்டு வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"அங்க பஜ்ஜி போட்டாகளா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"வாழைக்காயா, வெங்காயமா?"

"வாழைக்கா"ன்னு பட்டுன்னு வந்துச்சு வாயில இருந்து. ஞாபகமில்லாத மனுசனுக்கு எப்படி வரும்? எங்க வீட்டுல என்ன பஜ்ஜின்னு கேட்டேன். யோசிச்சாக. நல்லா யோசிச்சுட்டு, "பஜ்ஜியா போட்டீக?"ன்னாக. பாவி மனுசா, எங்கம்மா அன்னைக்குப் போட்டது உளுந்த வடை.

பொறாமைன்னா எனக்கு இந்திராணி மேல இருந்ததுதான் பொறாமைன்னு நெனச்சிருந்தேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எனக்கு முப்பத்தொன்பது, அவளுக்கு இன்னும் இருபத்தொண்ணு. எனக்கு முட்டி வலி, அவ பதினெட்டு வருசமாத் தட்டைத் தூக்கிக்கிட்டுக் கை நோகாம நிக்கா. எனக்குக் காலையில வச்ச பூ பத்து மணிக்கு வாடுது, அவ கனகாம்பரத்துல ஒரு பூ உதிரல. நானும் மாம்பழக் கலர்ல ஒரு சேலை எடுத்தேன். கட்டிக்கிட்டு வந்து நின்னேன். "நல்லாருக்கு"ன்னாக, கண்ணு தட்டுச்சோத்துலயே இருந்துச்சு. ஒருநா நானே டிரைவர் சீட்டுல உக்காந்து, கிளட்சை மிதிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கியரைத் தள்ளிப் பாத்தேன். தெரு, எதிர்த்தாப்புல வேலி, அதுல காயப்போட்ட என் பாவாடை. வேற ஒண்ணுமில்ல. நான் ஒருத்தருக்கும் வாக்குத் தப்பாதவன்னு பெருமைப்படணும்ல? அழுகைதான் வந்துச்சு. எனக்குன்னு நிக்க ஒரு சீவன் இல்லையே.

"இது ஒரு விசயமா? ஒரு எட்டுப் போயி, இந்தா இதுதாம்மா பதிலுன்னு சொல்லிட்டு வந்தா அவ போயிருவா"ன்னு மிக்கேல் அண்ணன் சொன்னாரு. ஊரே சொல்லுச்சு. இந்திராணி ரெண்டு தடவை சொன்னா. நான் விடல. அவளை வெரட்டணும்னா இவுக அவ மூஞ்சியில முழிக்கணும். முழிக்கக் கூடாதுன்னா அவ எங்க வண்டிக்குப் பின்னாடியே நிக்கணும். ரெண்டையும் என்னால தாங்க முடியல. "அந்த ஊர்ப் பக்கம் வண்டி திரும்புச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்"னு சொல்லி வச்சேன். "சரி"ன்னாக. போறேன்னு இவுக ஒரு தடவை கூடக் கேக்கவே இல்ல, அது எனக்கு இன்னும் சந்தேகத்தக் கெளப்புச்சு.

ஐப்பசியில ஒருநா காலையில வாசத் தெளிக்கும்போதுதான் என் கண்ணுல அது பட்டுச்சு. இருபது வருசமா இவுக வண்டியை நிறுத்துனா மூஞ்சி தெருவைப் பாத்து இருக்கும். சாவியத் திருகுனா நேரா கெளம்பலாம், டிரைவருக்கு அதுதான் பழக்கம். இப்ப வண்டியோட மூஞ்சி செவுத்தைப் பாத்து நிக்கி. முந்தின நாளும் அப்படித்தான். யோசிச்சுப் பாத்தா ஆவணியில இருந்தே அப்படித்தான். தெனமும் காலையில ரிவர்ஸ் எடுத்துத்தான் கெளம்புறாக. தெனமும் காலையில மொத வேலையா அவளைப் பாத்துட்டுத்தான் போறாக.

இதுல என் கூத்து என்ன தெரியுமா? எனக்கு ஒரு வேலை உண்டு. வண்டி கெளம்பும்போது நான் நிறைகொடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு எதிர்ல வரணும். கல்யாணமாகி மறுநாளே மாமனார் போட்ட உத்தரவு, அவரு போயி ஆறு வருசமாகியும் நான் ஒருநா தவறல. வண்டி செவுத்தைப் பாத்து நின்னாலும், செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்குற ஒரு முழ எடத்துல, கொடத்தைத் தூக்கிக்கிட்டு நான் நின்னுருக்கேன். முன்னாடி நான் நிறைகொடத்தோட நிக்கேன், பின்னாடி அவ காலித் தட்டோட நிக்கா, இவுக ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு என்னை விட்டு வெலகிப் பின்னாடி போறாக.

கொடத்தைத் தரையில வச்சேன். "கதவத் தொறங்க. பனையடிப்பட்டிக்கு விடுங்க"ன்னேன்.

வழியெல்லாம் மழைக்கு எளகுன கரிசக்காடு, ஒழவு ஓடிக்கிட்டிருந்துச்சு. பாதித் தூரத்துல நான்தான் கேட்டேன்.

"என்ன பதிலு சொல்லப் போறீக?"

வண்டி ஒரு பாலத்தைத் தாண்டுச்சு. "பிடிச்சிருந்துச்சுன்னுதான் சொல்லணும். அதான நெசம்"னாக.

"பின்ன ஏன் கட்டிக்கல?"

"அவுக வீட்டுல இருந்து வெளிய வரும்போது ஒரு பொம்பள காலிக்கொடத்தோட எதிர்ல வந்துச்சு. அப்பா அங்கனயே வேண்டாம்னுட்டாரு."

அந்தக் காலிக்கொடத்துக்குப் பயந்துதான் மாமனாரு என் இடுப்புல நிறைகொடத்தை ஏத்தினது. பதினெட்டு வருசம் நான் சொமந்தது அவளுக்கு வந்த சகுனத்தை. அன்னைக்கு அந்தப் பொம்பள தண்ணி எடுத்துட்டுத் திரும்பி வந்திருந்தா, ஒரு கா மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தா, இந்த வீட்டுல இன்னைக்கு வாசத் தெளிக்கிறவ நான் இல்ல.

பனையடிப்பட்டியில சண்முகக்கனின்னு கேட்டதும் மாவு மில்லைக் காட்டுனாக. உள்ள இருந்து தலை, புருவம், கையெல்லாம் வெள்ளையா மாவு அப்பி, நல்லா வாட்டசாட்டமா ஒரு அம்மா வந்தா. கம்பு அரைக்கணுமா, மொளகாயான்னு கேட்டா. இவுக பேரைச் சொன்னாக, அப்பா பேரைச் சொன்னாக, வருசத்தைச் சொன்னாக.

"அய்ய, எந்தப் பெத்துராஜு? என்னையப் பொண்ணு பாக்கப் பதினோரு பேரு வந்தாகளே, நீங்க எத்தனாவது?"ன்னு கேட்டுட்டு அவ சிரிச்ச சிரிப்புல மாவு உதுந்துச்சு. "நெட்டையா ஒருத்தர் வந்தாரே, அவரா? அவரு செத்துப்போயிட்டாருன்னாக. இல்ல, மூக்குல மரு இருந்த ஆளா?"

இவுக மூக்குல மரு இல்ல. "தகவல் சொல்றோம்னு சொல்லிட்டுப் போயிட்டோம், அதான்..."ன்னு இழுத்தாக.

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எல்லாரும் அப்படித்தான சொல்லிட்டுப் போவாக. அடுத்த மாசமே எனக்குக் கல்யாணம் முடிஞ்சுபோச்சு. இந்த மில்லுக்காரர்தான். மூத்தவ காலேஜு போறா." எங்களை உக்கார வச்சு, பக்கத்துக் கடையில காப்பி வாங்கியாரச் சொல்லிக் குடுத்தா. எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. அவ மேல எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் காப்பி ஆறுறதுக்குள்ள ஆறிப்போச்சு. "சரிண்ணே, இப்பச் சொல்லுங்க, என்னதான் பதிலு?"ன்னு இவுகளைக் கேலியாக் கேட்டா.

இவுக என்னைப் பாத்தாக. நான் டம்ளரைப் பாத்தேன்.

"பிடிச்சிருந்துச்சு"ன்னாக.

"ஏ, கேட்டியா!"ன்னு என் தொடையில தட்டிச் சிரிச்சுட்டு, போன கரண்டு வந்துருச்சுன்னு உள்ள ஓடி மிசினுப் பட்டையை மாட்டுனா. மிசினு சத்தத்துல அப்புறம் ஒண்ணும் கேக்கல.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. மிக்கேல் அண்ணனுக்கு வந்த பெரியவரு நெசமாவே வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தவரு. நாலாவது வார்டுக்காரங்க நெசமாவே கொடத்தோட நின்னவுக. இவ நிக்கல. இவ போயி மாவரைச்சு, பிள்ளை பெத்து, பதினோரு பேருல இவுக எத்தனாவதுன்னு கூட மறந்துட்டா. அப்ப இந்தப் பதினெட்டு வருசமும் அவளை அங்க நிறுத்தி வச்சிருந்தது யாரு? அவ மேல இருந்த பொறாமை போயிருச்சு. அந்த எடத்து மேல வந்துருச்சு.

சந்துல வண்டியத் திருப்ப எடமில்ல, ரிவர்ஸ்தான் எடுக்கணும். கியர் விழுந்துச்சு. ஸ்கிரீன்ல சந்து தெரிஞ்சுச்சு, ஒரு கோழி தெரிஞ்சுச்சு. வேற ஆளில்ல. பதிலு சொல்லியாச்சு, அவ போயிட்டா. இவுக பிரேக்குல கால வச்சபடியே, கோழி சந்தைக் கடந்து போற வரைக்கும், அதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம், அந்தக் காலி ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாக.

ஊரு பழையபடி நாலு மணிக்கு வரிசையில வந்து நின்னுச்சு. எங்க வீட்டுல மட்டும் அந்தக் கதை முடிஞ்சுச்சு. வண்டி இன்னும் செவுத்தைப் பாத்துத்தான் நிக்கி. காலையில ரிவர்ஸ் எடுக்கும்போது, இருந்த எடத்துல ஆளில்லைன்னு தெரிஞ்சும் கண்ணு ஒருதடவை அங்க போயிட்டு வரும். நான் ஒரு முழ எடத்துல கொடத்தோட நின்னு அதைப் பாப்பேன்.

அந்த எடம் எனக்கு வேணும். எப்படி வரும்? இவுக எனக்கு ஒரு வாக்குக் குடுத்து, அதை மறக்கணும். அது ஒண்ணுதான் வழி. சாமி மேல ஆணையா, பொண்டாட்டியா வாக்கப்பட்ட எவளும் இப்படி வேண்டியிருக்க மாட்டா.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துருவேன்னு சொல்லிட்டுப் போங்க"ன்னேன். ஊர்ல ஒருத்தரும் சொல்லத் துணியாத வார்த்தை. "வந்துருவேன்"னாக. அஞ்சே முக்காலுக்குத் தெருமொனையில ஹாரன் சத்தம். மறுநா கனகாம்பரம் ரெண்டு முழம் கேட்டேன், வந்துச்சு. கோவில்பட்டிக்குச் சவாரி போனா கடலை மிட்டாய், தூத்துக்குடிக்குப் போனா மக்ரூன், இந்த ஊதா ரவிக்கைக்கு இதே ஊதாவுல நூலு, எல்லாம் சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல. யோசிச்சுப் பாத்தா, பதினெட்டு வருசத்துல எனக்குச் சொன்னது எதையும் இந்த மனுசன் ஒருதடவை கூடத் தப்புனதில்ல. அதனாலதான் நான் அந்த ஸ்கிரீன்ல இல்ல.

கார்த்திகையில ஒருநா நல்ல மழை. "ஆறு மணி, கனகாம்பரம்"னு சொல்லி அனுப்பியிருந்தேன். வண்டி அருப்புக்கோட்டை ரோட்டுல டயரு வெடிச்சு நிக்கி, ஸ்டெப்னியும் காத்து எறங்கிக் கெடக்குன்னு மூணு மணிக்குப் போன் வந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. விளக்கேத்தி வச்சுக்கிட்டு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அஞ்சே முக்கால் ஆச்சு, ஹாரன் இல்ல. அஞ்சு அம்பது, இல்ல. எந்திரிச்சு வாசல்ல வந்து, நல்லாத் தெரியுற மாதிரி நிமிந்து நின்னேன்.

ஆறு அடிக்க ரெண்டு நிமிசம் இருக்கும்போது, வண்டியை ரோட்டுலயே போட்டுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, பஸ் ஸ்டாண்டுல இருந்து ஓடி வந்து, தொப்பலா நனைஞ்சு, சட்டைக்குள்ள வச்சு நனையாமக் கொண்டுவந்த எலைப் பொட்டலத்தை எங்கிட்ட நீட்டி, மூச்சு வாங்க, "வந்துட்டேன்"னாக.

ஒரே ஒருநா மறந்து தொலைங்களேன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. பூவை வாங்கித் தலையில வச்சுக்கிட்டு, காப்பி போட உள்ள போனேன்.